மூன்றாம் எண் சீசாவின் மணம்

கோப்பை தளும்பினாலும் குணம் தளும்பாத சுவைஞர் மன்றத் தலைவர் அவர்களே! ஸ்காட்ச் விஸ்கியின் வயதையும் வகையையும் கரைத்துக் குடித்த பெரியோர்களே! கணவர் எத்தனையாவது கோப்பையோடு நிறுத்துகிறார் என்று கண்காணிக்க வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பின்வரிசைத் தம்பி, கோப்பையைக் கீழே வையுங்கள். அது என் பேச்சுக்குப் பிறகுதான். என்ன, சுருக்கமாகப் பேசவா? முயல்கிறேன்.

'ஆண்டின் சிறந்த நாசி' என்று எனக்குப் பதக்கம் தர அழைத்திருக்கிறீர்கள். என் மதிப்புரைகளைப் படித்து மூக்கின் மேல் விரல் வைத்ததாகத் தலைவர் சொன்னார். தலைவரே, விரல் வைக்க உங்களுக்கு ஒரு மூக்காவது இருந்தது. என் முகத்தில் இருப்பது வெறும் அலங்காரம்! போன ஆண்டு வந்த காய்ச்சல், போகும்போது என் மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். நடுவர்களுக்கு மாதந்தோறும் மன்றம் மூன்று சின்னச் சீசாக்களை அனுப்பும். பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். சதுப்பு நிலத்து மண்ணை வெட்டி, காயவைத்து, எரித்து, அந்தப் புகையில் முளைவிட்ட பார்லியை உலர்த்திச் செய்த சிங்கிள் மால்ட் விஸ்கிகள். மூன்றின் புகை மணத்தையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். காய்ச்சலுக்குப் பின் வந்த சீசாக்களில் முதலாவதை முகர்ந்தேன், ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதைக் குடித்தே பார்த்தேன். தொண்டை சுட்டது, அவ்வளவுதான். பத்தொன்பது ஆண்டு நடுவர் நான்! பழைய மதிப்புரைகளைப் புரட்டிக் கதைவிட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

அப்போது என் மனைவி வந்தாள். அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாளே, அவள்தான். ஒரு சொட்டும் குடித்தறியாதவள். முப்பத்து நான்கு ஆண்டுகள் அறுவை வார்டில் நர்ஸாக இருந்தவள்.

"என்ன, திருட்டு முழி முழிக்கிறீங்க?"

"வாசனையே தெரியல. மன்றத்துல தெரிஞ்சா மானம் போயிடும்."

"இங்க குடுங்க பார்ப்போம்."

வாங்கி முகர்ந்தாள். "ஒண்ணாம் நம்பர், கட்டுத்துணி கருகின வாசனை. கூடவே கொஞ்சம் தேன். ரெண்டாம் நம்பர், மழையில ஆம்புலன்ஸ் பிரேக் போட்டு நின்னா வருமே, அந்த டயர் வாசனை. அப்புறம் உப்பு."

நான் எழுதிக்கொண்டே போனேன். மூன்றாவதை முகர்ந்தாள். மறுபடி முகர்ந்து சிரித்தாள்.

"இது நான்தாங்க."

"என்னது?"

"அயோடின். புண்ணுக்குத் தடவுறது. டூட்டி முடிஞ்சு வர்றப்ப என் யூனிஃபார்ம்ல இதுதானே அடிக்கும்?"

"எத்தனை மார்க் போடலாம்?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே வாசல்லயே நிறுத்தி, முதல்ல போய்க் குளிச்சுட்டு வான்னு சொல்வீங்க."

குத்திக்காட்டவில்லை. ஏதோ ஞாபகம் வந்து சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

அவையோரே! இதே மேடையில், இதே மைக்கின் முன், புகை விஸ்கியில் வரும் அயோடின் மணம் அபாரம், அற்புதம், அமுதம் என்று அளந்தவன் யார்? நான்! அந்த மணத்துக்காகக் கடை கடையாய் ஏறி இறங்கியவன் யார்? நான்! அதே மணத்தோடு, பகலெல்லாம் பிறர் புண்ணைக் கழுவி, கால் வீங்கி வந்து நின்றவளைப் பார்த்து முகம் சுளித்தவன் யார்? அதுவும் நான்தான்! பென்சில் சீவிய வாசனையைத் தவிர வேறெதுவும் ஒட்டாத வரைபட அலுவலகத்திலிருந்து வந்தவன் நான். எனக்கு அத்தனை சுத்தம் கேட்டது!

அதன் பிறகு மாதந்தோறும் மூன்று சீசாக்கள், மூன்று கதைகள். முதல் நாள் ரத்தத்தைப் பார்த்து அவளே மயங்கி விழுந்தது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் உரக்கப் பாடிய லாரி டிரைவர். பிழைக்க மாட்டாள் என்று விட்டுவிட்ட பெண், தன் கல்யாணத்துக்கு அழைக்க வந்து நின்றது. முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் ஒருநாளும் கேட்காத கதைகள்! சாப்பாட்டு மேசையில் சீசா திறந்தபடி கிடக்கும், நாங்கள் பேசிக்கொண்டே இருப்போம். அந்த மாலைகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அவற்றைத்தான் நீங்கள் என் மதிப்புரை என்று அச்சிட்டீர்கள்.

மன்றத்தை ஏமாற்றியது குற்றம். என்னை நடுவர் பொறுப்பிலிருந்து நீக்குங்கள், தலைவணங்கி ஏற்கிறேன். எனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அவளுடைய பழைய யூனிஃபார்ம் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். ஒன்றுமே தெரியவில்லை. மூக்கு இருந்தபோது முகம் சுளித்தேன். முகர ஆசைப்படும்போது மூக்கு இல்லை.

தலைவரே, பதக்கத்தை உரியவரிடம் கொடுங்கள். அதோ, வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். "நான் எதுக்குங்க?" என்கிறாள், வாயசைவிலேயே தெரிகிறது. தாய்மார்களே, அவளை எழுப்பி அனுப்புங்கள். என்ன, முந்தானையைச் சரிசெய்கிறாயா? ஒன்றும் வேண்டாம்.

அப்படியே வாம்மா.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. எழுந்து வரும் அவளுக்கு என் வணக்கம்.