சவப்பெட்டிக்கு மேலே கைமாறிய பிள்ளை

என் பெயர் மரிவிக் தபாங்கன். வயது முப்பத்தொன்று. தகப்பனார் பெயர் சிம்பிளிசியோ, உயிருடன் இல்லை. லிம்பாய் ஊர் சான் ரோக்கே வார்டில், ஐஸ் கம்பெனிக்குப் பின்புறச் சந்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்பு, துண்டுகளை வாங்கிவந்து துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். திருமணம் ஆகவில்லை. ஷைரா மே என்று ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் எழுதும் இடம் காலியாக உள்ளது. டெல்ஃபின் அபர்க்கா என்பவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காலை என்னை நிலையத்துக்கு வரவழைத்து, பெண்கள் பிரிவு அதிகாரி திருமதி எஸ்பினா விசாரிக்க, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது.

கடந்த சனிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தில், டெல்ஃபினுடைய அண்ணன் ரோடெல் அபர்க்காவின் அடக்கத்தை நான் குலைத்ததாகவும், சவப்பெட்டியைத் தள்ளிவிட்டதாகவும், என் குழந்தையை ரோடெலின் மனைவி எடிதா மேல் வீசி எறிந்ததாகவும் புகாரில் உள்ளது. நான் குழந்தையுடன் அங்கே போனது உண்மை. தள்ளியதும் எறிந்ததும் பொய். ஏன் போனேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ரோடெல் சுற்றுலாக்காரர்களைத் தீவுகளுக்கு ஏற்றிப்போகும் படகு ஓட்டி வந்தார். நான் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் அவருடன் பழக்கம் ஏற்பட்டது. அவருக்கு மனைவி உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். நான் கர்ப்பமான பிறகு சில வாரங்கள் மீன் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு அவருடைய வீட்டில் விஷயம் தெரிந்து மீனும் நின்றது, அவரும் நின்றார். அதன் பிறகு கடற்கரையில் எதிர்ப்பட்டால் அவர் கடலைப் பார்ப்பார், நான் துணி மூட்டையைப் பார்ப்பேன். குழந்தைக்கு அவருடைய விடைத்த காதுகள் அப்படியே இருக்கின்றன. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. அழுக்குத் துணிக் கூடையிலிருந்து அவளை எடுத்ததாகச் சொல்லி வைத்திருந்தேன். அவளும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவாள். தகப்பன் இன்னார் என்று தெரிந்தால், அடுத்து அவர் ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் மறைத்தேன்.

விடிந்ததும் தள்ளுவண்டியில் துணி எடுக்கப் போவேன். அந்த நேரத்தில் விட்டுப்போக ஆள் இல்லாததால் குழந்தையை மூட்டைகளின் மேல் உட்கார வைத்துத் தள்ளுவேன். வெள்ளைக்காரப் பெண்கள் அவளைப் போட்டோ எடுத்துவிட்டு, உன் கணவர் எங்கே என்று என்னிடம் சிரித்தபடி கேட்பார்கள். கடலில் என்பேன். அது பொய்யும் இல்லை. சீசனில் விரிப்புகள் மணலோடும் வெயிலுக்குப் பூசும் எண்ணெய்க் கறையோடும் வரும். கறை போகாவிட்டால் கூலி கிடையாது. அதனால் என் வீட்டுக்குள் யார் மணற்காலோடு வந்தாலும் கத்துவேன். இதை அதிகாரி குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடக்கத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பாறையில் சிக்கிய நங்கூரத்தை விடுவிக்க படகிலிருந்து குதித்த ரோடெல் மேலே வரவில்லை; பிறகு உடலைத்தான் எடுத்தார்கள். படகில் இருந்த சுற்றுலாக்காரர்கள் அவர் ஏதோ மூச்சடக்கி வித்தை காட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டு போனில் படம் எடுத்தார்களாம். இதைப் பிறர் சொல்லக் கேட்டேன், நேரில் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் இன்னமும் என் காதில் கேட்கிறது.

அதன் பிறகு, மறுநாள் மாலை என்னுடன் துணி துவைக்கும் பெண்களோடு நானும் துக்க வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் அடக்கம்வரை ஒரு வாரம் உடலைப் பெட்டியில் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். வாசலிலேயே நின்று பெட்டியின் கண்ணாடி மூடி வழியாக முகத்தைப் பார்த்தேன். இரவு கண்விழிக்க வந்தவர்கள் ஒரு மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எடிதா எல்லோருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார். துக்க வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, வழியில் எங்காவது உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டு, செத்தவரை அங்கே உதறிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் கூடவே வந்துவிடுவார் என்பது எங்கள் வழக்கம். மற்ற பெண்கள் நூடுல்ஸ் கடைக்குப் போனார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பசிங் அக்கா, மசாஜ் வேலைக்கு நேரமாகிறது, உடனே வா என்று போன் செய்தார். உடன் வந்த ஒருத்தி, "ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போடி, பின்னாலயே வந்துடப் போறாரு" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை உதறிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்ப்பவளுக்குச் சுற்றிப் போக நேரம் ஏது?

மறுநாள் மாலை, சூரியன் மறைவதைக் காட்டக் கூட்டிப்போன படகுகள் கரை திரும்பும் நேரத்தில், நான் உள்ளே துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டேன்.

"நனைஞ்சு போயிருக்காரே, அவருகிட்ட" என்றாள்.

வெளியே வந்து பார்த்தேன். யாரும் இல்லை. படியில் ஈர மணல் இருந்தது. கடற்கரை ஊரில் எந்தப் படியில்தான் மணல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு குழந்தை, "உள்ள வாங்கன்னேன். காலெல்லாம் மணலாம். நீ கத்துவியாம்" என்றாள். ரோடெல் அந்தக் காலத்தில் வரும்போதெல்லாம் படியில் உட்கார்ந்து கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் கத்துவேன் என்று பயம். குழந்தை அப்போது பிறக்கவில்லை. இதை நான் எவரிடமும் சொன்னதும் இல்லை. இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் விட்டதில் ஒரு விரிப்பு தீய்ந்துபோனது.

இந்த இடத்தில் அதிகாரி, பேய் விவகாரமெல்லாம் எழுத முடியாது என்றார். அதை விட்டுவிட்டால் நான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனதற்குக் காரணமே இல்லாமல் போய், புகாரில் சொன்னபடி பைத்தியக்காரி ஆகிவிடுவேன் என்று நான் சொன்னதன் பேரில் எழுதிக்கொண்டார்.

அன்று முதல் குழந்தைக்குக் காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தார்கள். பகலில் இறங்கும், படகுகள் திரும்பும் நேரத்தில் ஏறும். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. காய்ச்சலோடு எழுந்துபோய்ப் படியில் உட்காருவாள். கதவைச் சாத்தினால் அழுவாள். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அவ்வளவு பேச்சும் சிரிப்பும் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. வியாழக்கிழமை மாலை என்னிடம் வந்து, "அம்மா, என்னைப் படகுல கூட்டிட்டுப் போறாராம். சனிக்கெழமை" என்றாள். அடக்கம் சனிக்கிழமை என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. என் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார் என்று அப்போது பயந்தேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பசிங் அக்காவிடம் ஓடினேன். அவர், "பெட்டியத் தாண்ட வச்சுடு. வேற வழியில்ல" என்றார். செத்தவருடைய சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் முன் சவப்பெட்டிக்கு மேலாகத் தூக்கிக் கைமாற்றுவார்கள். அப்படிச் செய்தால் அவர் அந்தப் பிள்ளைகளைத் தேடி வரமாட்டார். இந்தப் பக்கம் தூக்கிக் கொடுக்க ஒருவர், அந்தப் பக்கம் நின்று வாங்க ஒருவர் வேண்டும். வாங்குகிறவர் அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை டெல்ஃபினைப் பார்க்கப் போனேன். அவர் படகுத்துறையில் படகுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். மற்ற பிள்ளைகளோடு என் பிள்ளையையும் ஒரு தரம் தாண்ட வைத்தால் போதும், வேறு எந்தப் பாத்தியதையும் கேட்க மாட்டேன், எழுதிக்கூடத் தருகிறேன் என்று கேட்டேன். அவர் தூரிகையை வைக்காமலே, "எங்கண்ணனுக்கு மூணு பிள்ளைங்கதான். உன் பிள்ளை எந்த லாட்ஜ் ரூமோடதோ, அங்க போயி விசாரி" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று திருப்பிக் கேட்கவில்லை, ஏனென்றால் காரியம் ஆக வேண்டியது எனக்கு.

சனிக்கிழமை காலை குழந்தைக்கு உடம்பு கொதித்தது. செத்தவர் அண்டாமலிருக்க வழக்கப்படி அவளுக்குச் சிவப்புத் துணி உடுத்தி, தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பசிங் அக்கா கூட வருவதாகச் சொல்லியிருந்தார், கடைசி நேரத்தில் வாடிக்கையாளர் வந்துவிட்டதால் வரவில்லை. சுவர் ஓரமாக நின்றேன். பெட்டியை இரண்டு பெஞ்சுகள் மேல் வைத்திருந்தார்கள். டெல்ஃபின் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கொடுக்க, எடிதா மறுபக்கம் நின்று வாங்கினார். மூன்றாவது பிள்ளையை இறக்கியதும், கல்லறையை மூடச் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் பேச டெல்ஃபின் சற்றுத் தள்ளிப் போனார். பேண்டுக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அப்போது நான் போய் டெல்ஃபின் நின்ற இடத்தில் நின்று, குழந்தையைப் பெட்டிக்கு மேலாக நீட்டினேன்.

மறுபக்கம் வாங்க ஆள் இல்லை. எடிதா குனிந்து கடைசிப் பையனுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாய் என்று அதிகாரி கேட்டார். தெரியாது. ஈர விரிப்புகளை நாள் முழுவதும் தூக்கும் கை என்னுடையது. அதுவே மெல்லத் தாழ ஆரம்பித்தது. கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் நகரவில்லை. ஐந்து வருடமாக நான் நின்றது அப்படித்தான், அன்றைக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அவ்வளவுதான்.

எடிதா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் காதுகளைப் பார்த்தார். அதன் பிறகு, "கால் பெட்டியில படுது. தூக்கிப் பிடி" என்றார்.

தூக்கினேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். அவராக நீட்டினாரா, விழாமல் பிடித்தாரா என்று அதிகாரி மூன்று முறை கேட்டார். அவராகத்தான் நீட்டினார். வாங்கியதும் கீழே இறக்கிவிடவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையைப் பெட்டிப் பக்கம் திருப்பி, "அப்பா, போங்கன்னு சொல்லு" என்றார். குழந்தை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "அப்பா, போங்க" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அதற்குள் டெல்ஃபின் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் பெஞ்சின் மேல் விழுந்தேன். முந்தின இரவு மழையால் தரை ஈரமாக இருந்ததால் பெஞ்சுக் கால் புதைந்து, பெட்டி கால்மாட்டுப் பக்கம் சரிந்து சேற்றில் குத்தியது. மூடி திறக்கவில்லை. நான் பெட்டியைத் தொடவே இல்லை. அதன் பிறகு எடிதா பெட்டியைச் சுற்றிவந்து குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போ" என்றார். போனேன்.

எடிதா இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை என்று அதிகாரி தெரிவித்தார். பேண்டுச் சத்தத்தில் அவர் சொன்னது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் நாளைக்கு மறுத்தால் நான் கோபப்பட மாட்டேன். அவர் அந்த வீட்டில், அந்த மனிதர்களோடு காலம் தள்ள வேண்டியவர். ஆனால் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். என்னைப் பிடித்து வைத்தால் குழந்தையைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அதிகாரி கேட்டார். சனிக்கிழமை மத்தியானமே காய்ச்சல் விட்டது. மறுநாள் கருவாடும் சோறும் கேட்டுச் சாப்பிட்டாள். வாசற்படியில் இப்போது மணல் இல்லை. நான் நினைத்துப் போன காரியம் நடந்துவிட்டது.

மேற்கொண்டு சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். நேற்று மாலை படகுகள் திரும்பிய பிறகு, இருட்டும்வரை அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதன் பிறகு அவள் என்னிடம், "நான் போங்கன்னு சொன்னதாலயாம்மா அப்பா வரமாட்டேங்குறாரு?" என்று கேட்டாள்.



மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். யாவும் நடந்தபடியே உள்ளது, கூட்டவும் குறைக்கவும் ஏதுமில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மரிவிக் தபாங்கன்