திரும்ப வாங்காத கேள்வி

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, சிவஞானம் சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரிக்கு மாயவரம் பக்கம் என்று கேள்விப்பட்டேன். காபிக்காரர்களாயிற்றே, இந்த டீக்கு எப்படிப் பழகினீர்களோ. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் கீழ்வீடு எங்களுடையது. வீட்டுக்காரர் கலியமூர்த்தி மினிஸ்ட்ரியில் கிளார்க். எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று இந்த இந்திராணியைக் கேட்டால் தெரியும் என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எழுபத்தாறில் யமுனைக் கரையில் வானத்திலிருந்து அந்தக் கப்பல் இறங்கியதும், அதில் வந்தவர்களை சர்க்கார் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடிவைத்ததும் உங்களுக்குத் தெரியும். இந்திக்காரர்கள் அவர்களைப் பானிவாலே, தண்ணீர்க்காரர்கள், என்றார்கள். நம்மவர்கள் வைத்த பெயர் துமியர். நாளைக்குப் பத்துத் தரமாவது உடம்பை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்துவிடுவார்கள். எங்கள் மாடிக்கு வந்தவளுக்குப் பவுனு என்று நான்தான் பெயர் வைத்தேன். நனைந்திருக்கும்போது தோல் அந்த நிறம். தமிழும் என்னிடம்தான் கற்றாள்.

ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்லி முடிக்காமல் துமியர் இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். நகர முடியாது என்பதுதான் சரி. "எங்க கிளம்பிட்டே" என்று நாம் ஒரு பேச்சுக்குக் கேட்போம். பவுனு படியிலேயே நின்று, போகிற தெரு, திரும்புகிற முக்கு எல்லாம் சொல்வாள். ஒரு நாள் காய்கறி வண்டிக்காரன், "அவுர் க்யா சாஹியே, பெஹன்ஜி" என்று, வேறென்ன வேண்டும் என்று, கேட்டுவிட்டான். தன் நதி வேண்டும், தங்கை வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னாள். அவன் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இன்னொன்று, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லமாட்டார்கள். இது தெரிந்ததும் பெண்கள் எல்லோரும் மாடி ஏற ஆரம்பித்தார்கள். எதிர் பிளாக் வேலம்மாள், தன் மாமியார் கதை முழுக்க என் சமையலறையில் அழுது தீர்த்தவள், இப்போது என் வாசலைத் தாண்டிப் போனாள். எனக்கு அவள் செருப்புச் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

ஜனவரியில் ஒரு நாள் பவுனுவைப் படியில் நிறுத்தினேன். "வேலம்மா உன்கிட்ட என்ன சொன்னா?"

நின்றாள். சொல்லவும் இல்லை, போகவும் இல்லை. இருபது நிமிஷம். எனக்கே அலுத்துப்போய், "சரி விடு, நான் கேக்கவே இல்லை" என்றேன். உடனே படியேறிப் போனாள். கேட்டவர் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் அவர்களுக்கு விடுதலை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்.

பிறகு என் மகள் செல்வி மாடிக்குப் போக ஆரம்பித்தாள். பி.ஏ. இரண்டாம் வருஷம். மே மாதம் ஒரு சாயங்காலம் கண்ணெல்லாம் வீங்கி இறங்கி வந்தாள்.

"என்னடி?"

"குச் நஹீம்மா."

ஒன்றுமில்லையாம், அதுவும் இந்தியில். அவளுக்குத் தமிழில் பொய் சொல்ல வராது.

ஜூன் மாதம் மாடிக்குத் தண்ணீர் நின்றது. டில்லியில் அது ஒரு செய்தியா. பிடித்து வைத்ததில் பவுனு ஒரு நாள் ஓட்டினாள். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, அனல்காற்றில், காலி பக்கெட்டோடு என் வாசலுக்கு வந்தாள். நிறம் போயிருந்தது.

"அக்கா, ஒரு பக்கெட் தண்ணி."

நிரப்பி, நிலைப்படிக்கு உள்பக்கம் வைத்தேன். வைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிறகுதான் கேட்டேன்.

"செல்வி உன்கிட்ட என்ன சொன்னா?"

பவுனு பக்கெட்டைப் பார்த்தாள். "அது அவ பேச்சுக்கா."

"அதைத்தான் கேக்கறேன்."

"நான் போகணும்."

"போயேன். உன்னை யார் புடிச்சா?"

கூலர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினேன். அவள் தோல் முதலில் சாம்பல் நிறமானது, பிறகு கோடை ஏரி மாதிரி வெடித்தது. "கேள்வியை வாங்கிக்கோங்கக்கா" என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் உதடு மட்டும் அசைந்தது. முறம் காலியாகியிருந்தது, மறுபடி நிரப்பிக்கொண்டேன். நான் அவளைத் தொடவில்லை. உங்கள் டாக்டரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவள் விழவும் இல்லை. நான்கு மணிக்குப் பால் வாங்கப் போன வேலம்மாள்தான், நின்றபடியே உயிர் போயிருந்ததைப் பார்த்துக் கத்தினாள்.

வால்வைப் பற்றிக் கேட்டீர்கள். மாடிக்குப் போகிற குழாயின் வால்வு என் சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது. துரு பிடித்தது, வெறுங்கைக்குத் திரும்பவில்லை. பாத்திரம் இறக்குகிற பிடிதுணியை எடுத்து வந்து மூடினேன். மாடியில் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டால் எத்தனை நாளானாலும் அவள் வாயைத் திறக்கமாட்டாள். கீழே வந்தால்தானே கேட்க முடியும்.

கேள்வியை வாங்கிக்கொண்டிருக்கலாமே என்கிறீர்கள். இதோ சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பெற்றவளுக்கு மகளைப் பற்றித் தெரிய வேண்டாமா. வம்புக்காக நான் எதையும் கேட்டதில்லை.

செல்வி இப்போது ஜனக்புரியில் அவள் அத்தை வீட்டில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நேற்று அவள் இதே அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம், உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார்.

உங்களிடம் அவள் என்ன சொன்னாள், சார்?