பாட முடியாத நடை

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய், மாலை 4.40. மேகமூட்டம், புழுக்கம். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். ஓட்டுநரோடு ஒன்பது பேர். எதிரில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். பூசினாற்போல இருந்தவள் சொன்னாள்:

“இன்னிக்கும் நான் பாடிட்டேன்னா, சனிக்கிழமை முட்டுக்காடு போட்டிங் கெடையாதுடி.”

“பாட்டுக்கும் போட்டிங்குக்கும் இன்னாடி சம்பந்தம்?” என்றாள் தோழி.

“வெயிட் ஏறுதுன்னு டாக்டராண்ட போனோம்ல? ஆடி அசைஞ்சி நடந்தா வேலைக்கு ஆவாது, மூச்சு வாங்கணும்னாரு. நடக்க சொல்லோ பேச முடியணுமாம், பாட முடியக் கூடாதாம். எங்கம்மா கூடவே வந்து, நடுவுல ‘பாடுடி’ங்குது. நேத்து ரெண்டு வரி பாடிட்டேன். இன்னிக்கும் பாடுனா போட்டிங் கட்டுன்னுடுச்சு.”

“எப்படிப் பாடுன? பாடிக் காட்டு.”

பதினொரு விநாடி பாடினாள். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டித் திரும்பினார்.

“இன்னா பாப்பா, மூச்சு அடைக்குதா? தண்ணி வேணுமா?”

தோழி தொடையில் தட்டிச் சிரித்தாள். “உக்காந்துகினே உனக்குப் பாட வரல! போட்டிங் கன்ஃபார்ம்டி!”

“நீ வேற. எங்கம்மா காதுக்கு இது பாட்டுதாண்டி. வேற வழியே இல்ல, வேகமாத்தான் நடக்கணும்.”

அப்போதுதான் கவனித்தேன்: நான் இறங்க வேண்டிய படூர் மூன்று நிறுத்தங்களுக்கு முன்பே போய்விட்டது. இறங்கி, ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி திரும்பி நடந்தேன். நூற்றுப் பத்தாவது அடியில் பாட்டு நின்றது. நூற்று நாற்பதில் பேச்சும் வரவில்லை. கையைக் காட்டித்தான் ஒரு தனி ஆட்டோவை நிறுத்தினேன். போக இருபது, திரும்ப அறுபது. மொத்தம் எண்பது ரூபாய்.