காரில் பாட்டு நின்ற ஞாயிறு

லிபி: பாடுதா?

ஜெயன்: எங்க... செத்துல்லா கிடக்கு.

லிபி: சீக்கிரம் பாருங்க. மாமி சேலை மாத்திட்டு இப்ப வந்துருவாங்க. சர்ச்சு போற வரைக்கும் பாட்டு வேணுமே அவங்களுக்கு.

ஜெயன்: டார்ச்சை நேராப் பிடிடீ! கண்ணுக்குள்ள அடிக்காத.

லிபி: பேட்டரி தீந்துட்டோ?

ஜெயன்: ஹாரன் அடிக்கு, லைட்டு எரியுது. பேட்டரிக்கு ஒண்ணுமில்ல. எடீ... ஒரு காரியம் சொல்லட்டா? ஏசக் கூடாது.

லிபி: என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?

ஜெயன்: பாட்டு செட்டுக்குப் பின்னால உள்ள செவப்பு வயரை நாந்தான் நேத்து ஊரி விட்டேன்.

லிபி: என்னத்துக்கு!

ஜெயன்: அந்த பிளாட் புரோக்கர் கூப்பிட்டா, சத்தம் முழுக்க ஸ்பீக்கர்லல்லா வருது? அம்மா பின்னால இருக்கும்போ, "கழக்கூட்டம் வீட்டுச் சாவி எப்ப வேணும்"னு கேட்டான்னு வையி...

லிபி: அதுக்கு போன்ல புளூடூத்தை அணைச்சா போதாதா? இவரு ஐடி கம்பெனியில வேலை!

ஜெயன்: பயத்துல புத்தி ஓடல்ல. அப்பா போன பிறகு அம்மைக்கு நாமதானே... வீடு மாறப் போறோம்னு எந்த வாயால சொல்ல?

லிபி: எனக்கும் பயமாத்தான் கிடக்கு. ஆனா இங்க பாறசாலையில இருந்து தினமும் கழக்கூட்டம் ஆபீசுக்குப் போய்வந்து முதுகு ஒடியுதே... சரி, வயரை மாட்டுங்க.

ஜெயன்: அப்பவே மாட்டியாச்சு! பின்னேயும் இப்படித்தான் கிடக்கு.

லிபி: டெஸ்டரை வச்சுப் பாருங்க.

ஜெயன்: மஞ்ச வயர்ல எரியுது. சாவியைத் திருப்பு... செவப்புல ஒண்ணும் வரல்ல. பியூஸ் போயிருக்கும். அந்த மூடியைத் திற.

லிபி: அய்யோ... இங்க பாருங்க. பியூஸ் போகல்ல. பியூஸே இல்ல!

ஜெயன்: நீ எடுத்தியா?

லிபி: சத்தியமாட்டு நான் இல்ல!

எலிசாள்: என்னத்தத் தேடுதீங்க மக்களே... இதையா?

ஜெயன்: அம்மா! இது உங்க கைக்கு எப்படி...

எலிசாள்: பியூஸ் மூடியில எது எதுக்குன்னு படம் போட்டிருக்கே. காலையில பாத்து ஊரிட்டேன்.

லிபி: எதுக்கு மாமி?

எலிசாள்: வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டுபேரும் மீன் வாங்க இறங்கினீங்கல்லா? போனு வண்டியில கிடந்துது. புரோக்கர் கூப்பிட்டான். பட்டனை அமுக்கினேன், சாவி ரெடின்னு எங்கிட்டயே சொல்லிட்டான். இன்னைக்கும் வழியில கூப்பிட்டான்னா உங்க மூஞ்சி வெளிறிப் போவுமேன்னுதான்...

ஜெயன்: அம்மா... கோவமா?

எலிசாள்: கோவமா! மேல நீங்க படுக்குத முறிக்கு, வாடகைக்கு ரெண்டு நர்சுப் பிள்ளேகளை எப்பவோ பேசி வச்சாச்சு. நீங்க எப்ப ஒழிஞ்சு தருவீங்கன்னு எப்படிக் கேக்கன்னு தெரியாம நாந்தாம்ல பயந்து கிடந்தேன்!