சில்லில்லாத விமானத்துக்குத் தேசிக்காய்

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். மூத்தவரின் மடியில் கருகிய கார் வைப்பர் மோட்டர் ஒன்று இருந்தது. அதில் தேசிக்காயின் எலுமிச்சை மணம் அடித்தது.

“அறைக்குள்ளை செய்த விமானம் பறந்ததே அண்ணை?”

“எங்கை பறக்கிறது! அது கொம்பியூட்டர் விளையாட்டெல்லோ. திரையிலை விமானம் சரிய, இந்த மோட்டர் நான் இருக்கிற சீற்றையும் சரிக்கும். எல்லாம் பூட்டி முடிச்சன். தேசிக்காய் நசுக்காமல் ஏறக்கூடாதெண்டிட்டா என்ரை மனிசி.”

“புது வாகனமெண்டால் சில்லுக்குக் கீழையெல்லோ வைக்கிறது? உதுக்குச் சில்லே இல்லையே!”

“சீற்றுக்குக் கீழை வைச்சன். விமானம் எழும்பேக்கை சீற்று சரிஞ்சு காய் நசுங்கி, சாறு உள்ளை போய் மோட்டர் எரிஞ்சிட்டுது.”

“அப்ப மனிசி இனி வாய் திறக்கமாட்டா.”

“உனக்கென்ன விசரே? கண்ணூறு மோட்டரோடை போச்சாம், என்ரை உயிர் தப்பினது தேசிக்காயாலையாம். புது மோட்டருக்கு ரெண்டு வைக்கவேணுமாம்.”