மேனேஜரைப் பாக்க ஆள் வேணும்

இல்ல டாக்டர் தம்பி, அதத் தனியா தர முடியாது. ஃபோன்லயே சொன்னேனே. பெரிய தொட்டி வேணும்னா பக்கத்துல இருக்கற சின்னத் தொட்டியும் சேத்துத்தான். கோமாளி மீனு ரெண்டும் எங்க போகுதோ, மேனேஜரும் அங்க போகணும். வெலைய நீங்களே சொல்லுங்க, வாங்கிக்கறேன். இதுல மட்டும் பேரம் கெடையாது.

மொதல்ல உக்காருங்க. அது வேணாம், அந்த நாற்காலி கால் ஆடும். தையல் மெஷின் பக்கத்துல உக்காருங்க. அங்கேந்து ரெண்டு தொட்டியும் நல்லாத் தெரியும். எங்க வீட்டுக்காரி பாத்துப் பாத்துப் போட்ட எடம். அவ போனதுக்கப்புறமும் நா எதையும் நகத்தல.

மேனேஜர்னு பேரு வெச்சதும் அவதான். பேத்த மீனு அது, பயந்தா பலூன் மாதிரி உப்பிக்குமே, அந்த மீனு. மூஞ்சி நாய்க்குட்டி மாதிரி, கண்ணு ரெண்டும் தனித்தனியா சுத்தும். நா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்த கம்பெனியில ஒரு மேனேஜர் இருந்தாரு. ஒரு வேலையும் செய்ய மாட்டாரு. கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, யாரு வர்றா யாரு போறான்னு முழிச்சு முழிச்சுப் பாப்பாரு. கோவம் வந்தா அப்படியே உப்பிக்குவாரு. எனக்கு சாப்பாடு குடுக்க வந்த எடத்துல அவரப் பாத்துட்டா. இந்த மீனக் கொண்டாந்து தொட்டியில விட்டப்ப, அது நேரா கண்ணாடிகிட்ட வந்து அவள மேலயும் கீழயும் பாத்துச்சு. ஐயையோ, உங்க மேனேஜர் இங்கயும் வந்துட்டாருங்கன்னா. அவ்ளோதான், பேரு ஒட்டிக்கிச்சு. மரியாதை கொறையாமத்தான் கூப்புடுவோம்.

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. இதத்தான் நா சொல்றேன். உங்க கிளினிக்குல வந்து காத்துக்கிட்டிருக்கறவங்க யாரு? கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு, உள்ளேந்து மெஷின் சத்தம் கேக்கும்போதெல்லாம் செருப்ப எங்க விட்டோம்னு தேடறவங்க. அவங்களுக்கு அழகான மீனு எதுக்குங்கறேன்? அழகான மீனு இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும், நம்மளக் கண்டுக்கவே கண்டுக்காது. விசேஷ வீட்ல புதுத்துணி போட்டுக்கிட்டு நடக்கற சொந்தக்காரங்க மாதிரி. நானும் மொதல்ல கடையில நீலமா, தட்டு மாதிரி ஒண்ணப் பாத்து மயங்கிப் போய் நின்னேன். அவ என் சட்டையப் புடிச்சு இழுத்துட்டா. அழகுக்குத்தான் வீட்ல நா இருக்கேனே, கூத்தடிக்கிற மாதிரி ஏதாவது பாருங்கன்னா. கடக்காரரு வாயப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

ஆனா அவ சொன்னது சரி. மீனு வாங்கப் போனா கலரப் பாக்கக் கூடாது தம்பி. தொட்டி முன்னால போயி சும்மா நிக்கணும். எது நம்மள வேடிக்க பாக்க வருதோ அத வாங்கணும். அந்தக் கோமாளி ஜோடியும் அப்படி வந்ததுதான். பெருசா இருக்கறது வீட்டம்மா. சின்னது ரொம்பக் கிட்ட வந்துச்சுன்னா ஒரு முட்டு முட்டும். ஒடனே அது ஒடம்ப வெடவெடன்னு ஆட்டும், சரிம்மா, தப்புத்தாம்மான்னு. இதப் பாத்தா யாரு ஞாபகம் வருதுன்னு அவ என்னயக் கேப்பா. நா பேப்பர விரிச்சு மூஞ்சிய மறச்சுக்குவேன்.

ஓரத்துல பாசியா? நேத்துதான் தொடச்சேன். விட்டுப்போயிருக்கும். கடத்தண்ணி மீனாச்சே, உப்பு பாக்கற மீட்டரு அதோ மூடி மேல இருக்கு, நீங்களே பாத்துத் திருப்தி பண்ணிக்கங்க. எவ்ளோ காட்டுது? ம். அப்ப சரியாத்தான் இருக்கு.

ரெண்டு தொட்டிக்கு எடமில்லன்னா என்ன அர்த்தம்? அந்தப் பழைய பத்திரிகை அடுக்கின மேசையத் தூக்கி வெளிய போடுங்க. பல்வலியில எவன் படிக்கறான்? ஒண்ணா விடவும் முடியாது. பெரிய தொட்டியில ஒரு எறா இருக்கு, மேனேஜர் பாத்தாருன்னா நறுக்குன்னு ஒரே கடி. பல்லு அப்படி. ஒங்களுக்கேத்த பேஷண்ட்டு தம்பி அவரு! பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். கிளிஞ்சல், நண்டு ஓடு எதையாவது கடிக்கக் குடுத்தாத்தான் தேயும். இல்லன்னா நீண்டுபோயி, வாயத் தொறக்க முடியாம பட்டினி கெடப்பாரு. அவருக்குப் பல்லு டாக்டரு அமையறதுன்னா சும்மாவா?

சாப்பாடு கூடப் பெரிய விஷயமில்ல. அவருக்கு ஆளு வேணும். பாக்கறதுக்கு ஆளு. அவ இங்க உக்காந்து தைப்பா. சக்கரம் சுத்தச் சுத்த அவரும் அந்தத் தொட்டிக்குள்ள சுத்துவாரு. அவ நிறுத்தினா, மேல வந்து தண்ணியத் துப்புவாரு, ஓட்டுங்கறாப்புல. ஊராங்க துணியெல்லாம் நனைஞ்சு போச்சே, ஒங்கள நம்பி நா எப்படித் தொழில் பண்றதுன்னு திட்டிக்கிட்டே ஓட்டுவா.

அவ போனப்ப மூலையில போயி வாலச் சுருட்டிக்கிட்டு, ஒடம்பே கறுத்துப்போயி கெடந்தாரு. எதப் போட்டாலும் மோந்துகூடப் பாக்கல. அப்புறம் நா இங்க உக்காந்தேன். எனக்குத் தைக்கத் தெரியாது. நூலும் இல்ல, துணியும் இல்ல, சும்மா சக்கரத்தச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா கிட்ட வந்தாரு. பக்கத்து வீட்டுக்காரரு ஜன்னல் வழியா பாத்துட்டு எம்பொண்ணுக்கு ஃபோன் பண்ணிட்டாரு. வெறும் மெஷின ஓட்டறாரு, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு. அவ அடிச்சுப் புடிச்சு ஓடியாந்தா. மீனுக்காக ஓட்டறேம்மான்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அதிகமா அழுதா.

ஆமா, பொண்ணு வீட்டுக்குத்தான் போறேன். அங்க எடமா? இருக்கு, தாராளமா இருக்கு. தொட்டியோட வாங்கப்பான்னுதான் சொல்றா. அப்புறம் ஏன் குடுக்கறேன்னா...

அத விடுங்க. எறாவப் பாத்தீங்களா? பெரிய தொட்டியில, அடிக்கல்லுக்குக் கீழ பொந்து இருக்கும் பாருங்க. தோண்டறதெல்லாம் எறா. பார்வை சரியா கெடையாது அதுக்கு. வாசல்ல வெரல் நீளத்துக்கு மஞ்சளா ஒரு மீனு காவல் நிக்கும். எறா தன் மீசைய அது மேல வெச்சுக்கிட்டேதான் வெளிய வந்து மண்ணத் தள்ளும். ஏதாவது ஆபத்துன்னா மீனு வால ஒரு உதறு உதறும், ரெண்டும் சரக்குன்னு உள்ள போயிடும். கேளுங்க, டக்குன்னு. கேட்டுச்சா? எறா தன் கொடுக்கால சொடுக்கற சத்தம். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. வீடு கட்டறாங்க, நல்லா இருக்காங்கன்னு.

மீனா? வாசல்லதான் நிக்கும். மஞ்சளா. இல்லியா? தலைய மட்டும் நீட்டிக்கிட்டிருக்கும், நல்லா குனிஞ்சு பாருங்க. கல்லுக்குப் பின்னால? அந்த மோட்டார் பக்கம்? அங்கயும் இல்லியா. எறா இருக்கா? உள்ளயே நின்னுக்கிட்டு மீசைய மட்டும் நீட்டித் தடவுதா.

சத்தம் கேட்டுச்சே தம்பி. சத்தம் கேட்டதும் ரெண்டும் இருக்குன்னே நெனச்சுட்டேன். எப்பப் போச்சோ. ரெண்டுக்கும் சேத்துத்தான் தீனி போட்டுக்கிட்டிருந்தேன்.

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க உக்காருங்க. கண்ணுதான். நடுவுல எல்லாம் அழிஞ்சுபோச்சு, ஓரத்துல கொஞ்சம் தெரியுது. பழகின வீடு, நடமாட அது போதும். ஒங்க சட்டை வெள்ளைன்னு தெரியுது, மொகம் தெரியல. ஊசியெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. தொட்டிக்கு நெறைய பேரு கேட்டாங்க, நீங்க பல்லு டாக்டருன்னு சொன்னதால தைரியமா வரச் சொன்னேன். கண்ணு டாக்டரா இருந்திருந்தா வாசல்லயே கண்டுபிடிச்சிருப்பீங்க.

இப்பவும் தெனம் அவரு முன்னால உக்காந்து சக்கரத்தச் சுத்தறேன். தொட்டி இருக்கற தெசையில பாக்கறேன். கொஞ்ச நாளா தண்ணியே துப்பறதில்ல. இவன் நம்மளப் பாக்கலன்னு அவருக்குப் புரிஞ்சிருச்சு போல. ஒங்க கிளினிக்குல நாளெல்லாம் ஆளு இருக்கும்னு நெனச்சேன்.

ரெண்டையுமா? நெஜமாவா சொல்றீங்க? எனக்காகச் சொல்லாதீங்க. அப்ப சரி. வலையில மட்டும் தூக்காதீங்க, காத்த முழுங்கி உப்பிக்குவாரு, அது அவருக்கு ஆகாது. தண்ணியோட மொண்டு எடுக்கணும். அந்த வாளிய வெச்சுக்கங்க.

இருங்க, இருங்க, ஒரு நிமிஷம். இப்ப எந்தப் பக்கம் நிக்கறாரு? மேலயா, கீழயா? இங்கயா? இன்னும் கொஞ்சம் தள்ளியா? சரியாச் சொல்லுங்க தம்பி. போறப்பவாவது அவரப் பாத்த மாதிரி இருக்கட்டும்.