கூப்பன் கவுண்டரோட ஒசரம்

அவரு இல்லண்ணே. செம்பட்டியில ஒரு வீட்டுக்கு வாச நெலை வைக்கணும்னு விடியவுமே போயிட்டாரு. நீங்க வண்டிய நெழல்ல விட்டுட்டு வந்து செத்த நேரம் உக்காருங்க. ஏத்தத்தான போறோம், கவுண்டர் எங்க ஓடிப் போகுது?

எரியோட்டுல இருந்தா வாரீக? பேரு... மொக்கைச்சாமியா, சரிண்ணே. நீங்களும் அந்த வெதைத் திருவிழா ஆளுகதேனா? வாடகை வாங்காமயா ஓட்டுறீக? நல்ல மனசு. எங்க வீட்டுக்காரரும் கூலி வாங்கலண்ணே. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நாட்டு வெதைய சனங்க கையில சேக்குறாக, தச்சு வேலைக்குக் காசு கேக்காதீகன்னு நாந்தேன் சொன்னேன்.

நாலு கவுண்டரு. கஞ்சிக்கு ஒண்ணு, வெதைக்கு ரெண்டு, கூப்பனுக்கு ஒண்ணு. பழைய பெட்டிப் பலகைதேன், காலு மட்டும் வேம்பு. பாத்தா வெறும் மேசை. அதுக்கு எம்புட்டுப் பேச்சுங்கிறீக!

கௌசல்யா மேடத்தத் தெரியும்ல? சின்னாளப்பட்டிக்காரவுக, திருவிழாப் பொறுப்பே அவுகதான? சாயங்காலமானா ஸ்கூட்டர்ல வந்துருவாக. வாசல்ல சாக்பீசால கோடு போட்டு, வரிசை இப்பிடி வரும், கஞ்சி வாங்குனவுக அங்கிட்டுப் போகணும்னு ரெண்டு பேரும் நடந்து நடந்து பாப்பாக. இவரு சிரிப்பாருண்ணே! எங்கிட்டச் சிரிச்சா பல்லு கொட்டிரும்ங்கிற மனுசன்.

ச்சேச்சே, நான் தப்பாச் சொல்லல. அவுக நல்ல பொம்பள. வரும்போது எனக்கும் பூ வாங்கிட்டு வருவாக. அதுதேன் இன்னும் எரியுது.

கூப்பன் கவுண்டர்ல அவுகதேன் நிக்கப் போறாக. அதுக்கு மட்டும் ஓரத்த உப்புத்தாள வச்சுத் தேய் தேய்னு தேச்சாரு. என்னத்துக்குன்னா, சுங்குடிச் சேலயில நூலு மாட்டிக்கிருமாம். எங்க அடுப்படி அலமாரியில நீட்டிக்கிட்டிருக்கிற ஆணி எத்தன சேலயக் கிழிச்சிருக்கு, அதக் கேளுங்க. அப்புறம் உள்ளுக்க ஒரு தட்டு. எதுக்கு? மேடம் கைப்பை வைக்க.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒரு நா அவுகள நிக்க வச்சு, முழங்கைய மடக்குங்கன்னாரு. மடக்குனாக. முழங்கைக்கு நாலு விரக்கட கீழ, காலுக் கட்டையில பென்சிலால ஒரு கோடு. அப்பிடி அளவெடுத்தாத்தேன் நிக்கிறவுகளுக்கு இடுப்பு வலிக்காதாம். தொடவெல்லாம் இல்லண்ணே. தொட்டிருந்தா ஒரு சண்டையப் போட்டு முடிச்சிருப்பேன். அம்புட்டு கவனமாப் பாத்தாருண்ணே, அதத்தேன் என்னால தாங்க முடியல. எங்க வீட்டு அடுப்பு மேடை எனக்கு நெஞ்சு ஒசரம். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஒரு கட்டையப் போட்டு மேல ஏறி நின்னுதேன் தோசை சுடுறேன். எறக்கிக் குடுங்கன்னா, பாப்போம் பாப்போம்பாரு.

ஆமா, பொறாமைதேன். சொல்றதுக்கு என்ன வெக்கம்?

என்னண்ணே அப்பிடிப் பாக்குறீக? ஒண்ணு மட்டும் குட்டையாத் தெரியுதா?

அதுதேன் கூப்பன் கவுண்டரு. காலையில அவரு வண்டி தெருவத் தாண்டவும் நாந்தேன் நாலு காலையும் அறுத்தேன். எனக்குத் தோதா இருக்கட்டும், நாளைக்குத் திருவிழாவுல நானே போயி அதுல நிப்போம்னு. தச்சன் பொண்டாட்டிக்கு ரம்பம் புடிக்கவா தெரியாது? அளவுதேன் தப்பிப் போச்சு. எனக்கே இப்ப தொடைக்குத்தேன் வருது. முழங்கைய மடக்கி நின்னுக்கிட்டு நம்ம கோட்ட நாமளே போட முடியாதுண்ணே. பென்சில வைக்கக் குனிஞ்சா முழங்கையும் கூடவே எறங்கிருது. பக்கத்துல நின்னு பாத்துக் கோடு போட இன்னொரு ஆளு வேணும்.

சரி, அந்தப் பக்கம் புடிங்க. அவரு வாரதுக்குள்ள ஏத்திருவோம்.